கொப்பியில் எழுதிய இரண்டு இலக்கங்கள்

கேள்வி:

அன்புள்ள டொக்டர், என் பெயரும் ஊரும் வேண்டாம், யாழ்ப்பாணம் என்று மட்டும் போடுங்கள். எனக்கு வயது 33, கணவருக்கு 38. கலியாணமாகி ஆறு வருடம். நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மாமியும் எங்களோடுதான் இருக்கிறார். கணவர் நல்ல மனிதர், குடி இல்லை, என்னை மதித்து நடப்பவர். உறவு முடிந்ததும் ஒவ்வொரு முறையும் ‘உமக்கு வந்ததா?’ என்று கேட்பார். நானும் ஓம் என்று சொல்லிவிடுவேன். உண்மையில் பெரும்பாலும் எனக்கு எதுவும் வருவதில்லை.

போன மாதம் உச்சகட்டத்தை அளக்கிற ஒரு வினாக்கொத்தை இணையத்தில் கண்டுபிடித்து, போனிலேயே தமிழாக்கி, இரண்டு பேரும் நிரப்பிப் பார்ப்போம் என்றார். மொத்தம் 28 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. நெருக்கம், அன்பு போன்ற நான்கு சொற்களுக்கு நான் 5 போட்டேன். ‘சுடுதல்’ என்று ஒரு சொல் இருந்தது, அதற்கு 0. மிச்சம் எல்லாம் ஒன்றும் இரண்டும்தான். அவர் மகளின் கொப்பி ஒன்றில் கூட்டிப் பார்த்தார். அவருக்கு 118, எனக்கு 54. அன்றிலிருந்து சரியாகக் கதைப்பதில்லை.

இதை உண்மையிலேயே அளக்க முடியுமா? ஆணுக்கும் பெண்ணுக்கும் வருவது ஒன்றா, வேறா? எனக்கு ஏதும் குறை இருக்கிறதா? முன்பு ஒருநாள் நித்திரையில் கனவோடு உடம்பெல்லாம் துடித்து எழும்பியிருக்கிறேன், அதுதானா அது? இத்தனை வருடம் பொய் சொன்னதை அவரிடம் சொல்ல வேண்டுமா? அந்தக் கொப்பி என் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. மகள் எழுத்துக் கூட்டத் தொடங்கிவிட்டாள். அதை என்ன செய்வது?

பதில்:

தங்கச்சி, அந்தக் கனவிலிருந்தே தொடங்குகிறேன். ஓம், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதுதான் அது. பெண்களுக்கு நித்திரையில் உச்சம் வருவது நீண்ட காலமாகவே பதிவாகியிருக்கிற விசயம். அமெரிக்காவில் ஆல்ஃபிரெட் கின்சி 1953இல் வெளியிட்ட ஆய்வில், 45 வயதுக்குள் 37 சதவீதமான பெண்களுக்கு ஒருமுறையாவது அப்படி வந்திருந்தது. உங்களுக்கு அது ஒரேயொரு முறை வந்திருந்தாலும் எனக்கு அது பெரிய தகவல். வழமையாக நரம்பு, இரத்த ஓட்டம், இடுப்புத்தளத் தசை எல்லாம் சேர்ந்து வேலை செய்துதான் அது வருகிறது. அன்றைக்கு உங்கள் உடம்பு அதைச் செய்து காட்டியிருக்கிறது. ஆகவே ‘எனக்கு ஏதும் குறையா’ என்ற கேள்வியை இப்போதைக்குக் கொஞ்சம் தள்ளி வைப்போம். பார்க்க வேண்டிய சில மருத்துவக் காரணங்கள் இருக்கின்றன, அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

இனி அந்தக் கொப்பிக்கு வருவோம். உங்கள் கணவர் கண்டுபிடித்தது எந்த வினாக்கொத்து என்று எனக்கு ஓரளவு விளங்குகிறது. 28 சொற்கள், 0 முதல் 5 வரை என்றால், அது நம் உறவினர்கள் பலர் வாழும் கனடாவின் மொன்றியலில், மக்கில் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. கென்னத் மா, இட்ஸ்சாக் பினிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2002இல் வெளியிட்டார்கள். உடம்பில் நடப்பதைக் குறிக்கும் சொற்கள் ஒரு பக்கம்: துடிப்பது, நடுங்குவது, பரவுவது, பொங்கி வருவது. மனதில் நடப்பதைக் குறிக்கும் சொற்கள் மறுபக்கம்: நிறைவு, அமைதி, பரவசம், நெருக்கம். இரண்டும் சேர்ந்ததுதான் உச்சம் என்ற அனுபவம் என்பது அவர்களின் வாதம்.

இதில் உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் போன ஒன்று இருக்கிறது. அந்த வினாக்கொத்து ‘நேற்று இரவு எப்படி இருந்தது’ என்று கேட்கவில்லை. ‘உங்களுக்குக் கடைசியாக வந்த உச்சத்தை நினைத்துப் பாருங்கள், அது எப்படி இருந்தது’ என்றுதான் கேட்கிறது. அவர் தனக்கு வந்த உச்சத்துக்குப் புள்ளி போட்டார். நீங்களோ உச்சம் வராத ஓர் இரவுக்குப் புள்ளி போட்டிருக்கிறீர்கள். இல்லாத ஒன்றுக்கு 54 வந்திருக்கிறது. அந்தக் கனவை நினைத்து அதே 28 சொற்களுக்கும் புள்ளி போட்டிருந்தால் வேறு இலக்கம் வந்திருக்கும். ஆகவே 118ஐயும் 54ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. அவை இரண்டும் இரண்டு வேறு விசயங்களின் இலக்கங்கள்.

இரண்டாவது பிழை மொழியில் நடந்திருக்கிறது. ‘சுடுதல்’ என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு நெஞ்சு ஒருமுறை இறுகிப் போனது. மூலத்தில் இருக்கும் சொல் ஏதோ பீறிட்டுப் பாய்வது போன்ற உணர்வைக் குறிப்பது. அதே சொல்லுக்குத் துப்பாக்கியால் சுடுவது என்றும் பொருள் உண்டு. போன் அந்தப் பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டது. நமது மண்ணில் 33 வயதுப் பெண் ஒருத்தி அந்தச் சொல்லைப் பார்த்து இன்பத்தை நினைப்பாளா? நீங்கள் 0 போட்டது மிகச் சரி.

நல்ல மொழிபெயர்ப்பு கிடைத்திருந்தால்கூட அந்தச் சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. பீறிடுவது, பாய்வது போன்ற சொற்களுக்கு ஆண்கள் கூடுதலாகப் புள்ளி போடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு விந்து வெளியேறுகிறது. மொன்றியல் ஆய்விலும் ஆண்களுக்குக் கூடுதலாக வந்தது முக்கியமாக அந்தப் பகுதியில்தான். அதைக் கூட்டி ‘ஆணுக்கு இன்பம் கூட’ என்று முடிவெடுத்தால், மீசை உள்ளவர்களுக்குக் கூடப் புள்ளி கொடுத்துவிட்டு ஆண்களே வென்றார்கள் என்று சொல்வது போல ஆகிவிடும். அதனால்தான் ஸ்பெயினின் கிரனடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே வினாக்கொத்தைத் தங்கள் மொழிக்குக் கொண்டுபோனபோது, ஒவ்வொரு சொல்லையும் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி விளங்கிக்கொண்டுதான் புள்ளி போடுகிறார்களா என்று தனியாகச் சோதித்தார்கள். அவர்களுடையதில் 25 சொற்கள். மொத்தமாகக் கூட்டாமல் உணர்ச்சி, புலன், நெருக்கம், பலன் என்று நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போகவே இத்தனை கவனம் தேவைப்படும் ஒரு கருவியை, போன் ஒரு நிமிடத்தில் தமிழாக்கிக் கொடுத்ததை வைத்து உங்கள் வீட்டில் இரண்டு பேர் கதைக்காமல் இருக்கிறீர்கள். எனக்கு அது கவலையாக இருக்கிறது.

சரி, அளக்க முடியுமா என்று கேட்டீர்கள். உடம்பில் நடப்பதை ஓரளவு அளக்கலாம். வில்லியம் மாஸ்டர்ஸ், வேர்ஜீனியா ஜோன்சன் என்ற இருவர் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் நூற்றுக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் ஆய்வுகூடத்தில் கவனித்து 1966இல் எழுதினார்கள். உச்சத்தின் தொடக்கத்தில் இடுப்புத்தளத் தசைகள் சுமார் 0.8 செக்கனுக்கு ஒருமுறை சுருங்கி விரிகின்றன. ஆணிலும் அப்படித்தான், பெண்ணிலும் அப்படித்தான். உச்சத்துக்குப் பிறகு இரத்தத்தில் புரோலக்டின் என்ற ஹோர்மோன் கூடுவதும் இரண்டு பேரிலும் பதிவாகியிருக்கிறது.

ஆனால் தசை துடிப்பதை அளப்பது வேறு, அதை ஒருவர் எப்படி உணர்கிறார் என்பது வேறு. 1980களின் தொடக்கத்தில் பெண்களின் தசைச் சுருக்கத்தைக் கருவியால் பதிவுசெய்து பார்த்த ஆய்வு ஒன்றில், ‘இப்போது வந்தது’ என்று சொன்ன பெண்கள் எல்லோரிலும் ஒழுங்கான துடிப்பு தெரியவில்லை. சிலரில் கருவி எதையும் காட்டாதபோதும் அவர்கள் உச்சத்தை உணர்ந்திருந்தார்கள். ஆண்களிலும் இதே பிரிவு உண்டு. விந்து வெளியேறுவதும் உச்சத்தை உணர்வதும் பெரும்பாலும் ஒன்றாக நடப்பதால் அவை ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். புரொஸ்டேற் சுரப்பியை அகற்றிய ஆண்களுக்கு விந்து வராது, உச்சம் வரலாம். நீண்டகாலச் சலரோகத்தில் விந்து பின்பக்கமாகச் சலப்பைக்குள் போய்விடுவதும் உண்டு, அவர்களும் உச்சத்தை உணர்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்கு மட்டுமல்ல. நமது வடக்கில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வாழ்க்கை முடிந்துவிட்டது என்றே சுற்றியிருப்பவர்கள் நினைக்கிறார்கள். பெவர்லி விப்பிள், பரி கோமிசறுக் என்ற ஆய்வாளர்கள் 1990களில் செய்த ஆய்வுகளில், முள்ளந்தண்டு வடம் முழுமையாகப் பாதிக்கப்பட்ட பெண்களில் சிலரும் உச்சத்தை உணர்ந்தார்கள். மூளைதான் அதை உணர்கிறது. அதற்குப் போகும் வழிகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன.

ஆகவே ஒரு மனிதர் என்ன உணர்ந்தார் என்பதை அறிய, அவரிடம் கேட்பதைத் தவிர வழியில்லை. வினாக்கொத்து செய்வதும் அதைத்தான். கேட்டதற்கு உண்மையான பதில் வந்தால்தான் அதற்கு மதிப்பு.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றா வேறா என்பது மிகப் பழைய கேள்வி. மகாபாரதத்தின் அநுசாசன பர்வத்தில் தருமர் பீஷ்மரிடம் இதையே கேட்கிறார்: சேர்க்கையில் ஆணுக்கு இன்பம் கூடவா, பெண்ணுக்கா? ஆணாக இருந்து பெண்ணாக மாறிய பங்காஸ்வனன் என்ற அரசனின் கதையைப் பீஷ்மர் சொல்கிறார். மீண்டும் ஆணாக மாறலாம் என்று இந்திரன் சொன்னபோதும், பெண்ணுக்கே இன்பம் கூட என்று சொல்லி அவன் பெண்ணாகவே இருந்துவிடுகிறான். அந்தக் காலத்திலிருந்தே ‘யாருக்குக் கூட’ என்றுதான் கேட்டிருக்கிறோம். ‘எப்படி இருந்தது’ என்று கேட்டவர்கள் குறைவு.

அப்படிக் கேட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 1976இல் எலன் வான்ஸ், நதானியல் வாக்னர் என்ற இருவர், 24 ஆண்களும் 24 பெண்களும் தங்கள் உச்ச அனுபவத்தைப் பற்றி எழுதியவற்றை எடுத்தார்கள். உறுப்புகளின் பெயரைப் பார்த்து ஆள் ஆணா பெண்ணா என்று பிடித்துவிட முடியாதபடி அந்தச் சொற்களை மட்டும் பொதுவாக மாற்றினார்கள். பிறகு மகப்பேற்று வைத்தியர்கள், உளவியலாளர்கள், மருத்துவ மாணவர்கள் என்று 70 பேரிடம் கொடுத்து, எது ஆண் எழுதியது, எது பெண் எழுதியது என்று கேட்டார்கள். அவர்களால் சரியாகப் பிரிக்க முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் பெண்களின் உடம்பைப் பார்த்த வைத்தியர்களாலும் முடியவில்லை. மொன்றியல் ஆய்வும் கிட்டத்தட்ட அதே பக்கம்தான் நிற்கிறது. ஆண் பெண் வித்தியாசம் சிறிது. ஒருவர் தனியாக அடையும் உச்சத்துக்கும் துணையோடு அடையும் உச்சத்துக்கும் இடையில்தான் தெளிவான வித்தியாசம் இருந்தது. துணையோடு இருக்கும்போது நிறைவும் நெருக்கமும் பரவசமும் கூடின.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? எத்தனை தடவை வருகிறது என்பதில் இருக்கிறது, அது மிகப் பெரிய வித்தியாசம். அமெரிக்காவில் 52,588 பேரிடம் கேட்டு 2018இல் வெளியான ஆய்வில், பெண்களோடு உறவு கொள்ளும் ஆண்களில் 95 சதவீதம் பேர் ‘வழமையாக அல்லது எப்போதும்’ உச்சம் வருகிறது என்றார்கள். ஆண்களோடு உறவு கொள்ளும் பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 65 சதவீதம்தான். பெண்களோடு வாழும் பெண்களில் 86 சதவீதம். இந்தக் கடைசி இலக்கத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பெண் உடம்பு இயல்பிலேயே மந்தமானது என்றால் 86 வந்திருக்காது. படுக்கையில் என்ன செய்யப்படுகிறது என்பதில்தான் விசயம் இருக்கிறது.

பெண்ணுக்கு உணர்வு கூடுதலாக உள்ள இடம் கிளிட்டோரிஸ், யோனிவாயிலுக்கு மேலே மொட்டுப் போலத் தெரியும் உறுப்பு. வெளியே தெரிவது அதன் நுனி மட்டும்தான். உள்ளே இரண்டு பக்கமும் கால்கள் போலப் பரந்து கிடக்கிறது. அவுஸ்திரேலிய சத்திரசிகிச்சை நிபுணர் ஹெலன் ஓகொனல் 1998இல் அதன் முழு அளவை விவரித்து எழுதும்வரை பல மருத்துவப் புத்தகங்கள் அதைச் சரியாகக் காட்டவில்லை. நான் படித்த காலத்துப் புத்தகத்திலும் ஆண் உறுப்புக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் இருந்தது, இதற்கு ஓரிரண்டு வரிதான். வைத்தியர்களுக்கே அந்த நிலை என்றால் உங்கள் கணவரை எப்படிக் குறை சொல்வது? 2018இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஆணுறுப்பு உள்ளே போவது மட்டுமே உச்சத்துக்குப் போதும் என்று சொன்ன பெண்கள் 18 சதவீதம்தான். மற்றவர்களில் பெரும்பாலானோருக்குக் கிளிட்டோரிஸைத் தொடுவது கட்டாயமாகத் தேவைப்பட்டது, அல்லது அது இருந்தால்தான் உச்சம் நன்றாக இருந்தது. உங்கள் கடிதத்தில் ‘உறவு முடிந்ததும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எது முடிந்ததும்? அவருக்கு விந்து வந்ததும் முடிந்துவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஐந்து நாடுகளில் 500 ஜோடிகளிடம் கடிகாரம் கொடுத்து அளந்ததில், உள்ளே போனதிலிருந்து விந்து வரும்வரையான நேரத்தின் இடையம் 5.4 நிமிடம், அதாவது பாதிப்பேருக்கு அதைவிடக் குறைவு. அதற்குள் எல்லாம் நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் உங்கள் உடம்புக்கு வழியே இல்லை.

இனி, உங்கள் கொப்பியில் நான் முக்கியமாக நினைக்கிற இடம். நெருக்கத்தையும் அன்பையும் குறிக்கிற நான்கு சொற்களுக்கும் நீங்கள் 5 போட்டிருக்கிறீர்கள். உச்சமே வராத ஓர் இரவில்! கூட்டுத்தொகை அதை முழுதாக மறைத்துவிட்டது. நாம் ஐந்தாம் வகுப்பிலிருந்தே வெட்டுப்புள்ளியைப் பார்த்து வளர்ந்த சனம், கடைசியில் உள்ள இலக்கத்தைத்தான் முதலில் பார்ப்போம். அந்த நான்கு வரிகளையும் அவர் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால், அவருடைய மனைவி அவருக்குப் பக்கத்தில் எவ்வளவு அன்பாகப் படுத்திருந்தாள் என்று தெரிந்திருக்கும். மாவும் பினிக்கும் 2005இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், உச்சத்தின் இன்பமும் திருப்தியும் உடம்புத் துடிப்பைவிட மனதின் பகுதியோடும் உறவின் நிறைவோடும்தான் நெருக்கமாகச் சேர்ந்து போனது. அந்தப் பகுதி உங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. உடம்பின் பகுதியைக் கற்றுக்கொள்ளலாம்.

அவர் ஏன் கதைக்காமல் இருக்கிறார்? அந்த 54 தனக்கு விழுந்த புள்ளி என்று எடுத்துக்கொண்டார். பெண்ணுக்கு உச்சம் வந்தால் தன் ஆண்மை கூடியது போல உணர்கிறோம் என்று ஆண்கள் சொன்னதைக் காட்டும் ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. ‘உமக்கு வந்ததா?’ என்ற கேள்வியில் அக்கறையும் இருக்கிறது, ‘நான் சரியாகச் செய்தேனா?’ என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு இரங்கித்தான் நீங்கள் ஓம் என்று சொல்லி வந்திருக்கிறீர்கள். அதைப் பொய் என்று சொல்லி உங்களை நீங்களே வருத்த வேண்டாம். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டு 2010இல் வெளியான ஆய்வில் பெண்களில் பாதிப்பேர் வந்ததாக நடித்திருக்கிறார்கள். ஆண்களிலும் நான்கில் ஒருவர் நடித்திருக்கிறார். ஆனால் இதை இனிமேல் தொடர வேண்டாம். ஒவ்வொரு ஓமும் அவருக்கு ‘இதுதான் சரியான முறை, மாற்ற வேண்டாம்’ என்று சொல்லிக் கொடுக்கிறது.

சொல்ல வேண்டுமா என்றால், சொல்லுங்கள். ஆறு வருடக் கணக்கை ஒரேயடியாக எடுத்து வைக்க வேண்டாம். படுக்கையிலும் வேண்டாம், இரவிலும் வேண்டாம். மாமி மகளோடு கோயிலுக்குப் போயிருக்கும் ஒரு பின்னேரம் தேநீரோடு இருந்து கதையுங்கள். இப்படித் தொடங்கலாம்: ‘இஞ்சேருங்கோ, அண்டைக்கு அந்தக் கொப்பியில நான் போட்ட இலக்கம் பிழை. அது உங்களுக்குப் போட்ட புள்ளி இல்லை. எனக்கு என்ன பிடிக்கும் எண்டு நானே வடிவா யோசிச்சுப் பாக்கேல்லை. ரெண்டு பேரும் ஆறுதலாப் பாப்பம்.’ அதற்குப் பிறகு அவர் நேராகக் கேட்டால் மறைக்க வேண்டாம். ‘கன தடவை வரேல்லை, உங்களுக்குக் கவலை வரக்கூடாது எண்டு ஓம் எண்டன்’ என்றால் போதும். அவர் ஒருநாள் இரண்டு நாள் கவலைப்படக்கூடும். இப்போது இருக்கும் மௌனத்தைவிட அது நல்லது.

பிறகு என்ன செய்வது? முதலில் நீங்கள் உங்கள் உடம்பை அறிந்துகொள்ளுங்கள். தனியாகக் குளிக்கும்போதோ படுத்திருக்கும்போதோ எங்கே தொட்டால், எவ்வளவு அழுத்தத்தில் தொட்டால் நன்றாக இருக்கிறது என்று பார்க்கலாம். இதில் பாவமும் இல்லை, வருத்தமும் வராது. உச்சம் வராத பெண்களுக்கு 1970களிலிருந்து பயன்படும் சிகிச்சை முறைகளில் முக்கியமானது இதுதான். பிறகு இரண்டு பேருமாக இரண்டு மூன்று கிழமைக்கு உள்ளே போகும் உறவையே நிறுத்திவிட்டுத் தொடுவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கிழமை மார்பையும் பிறப்புறுப்பையும் விட்டுவிட்டு முதுகு, கழுத்து, கை, கால் மட்டும். இதை மாஸ்டர்ஸும் ஜோன்சனும்தான் சிகிச்சையாக வகுத்தார்கள். இப்போதும் நாங்கள் கொடுப்பது இதைத்தான். இந்த நாட்களில் ‘வந்ததா?’ என்ற கேள்விக்கு வீட்டில் இடமில்லை. அதற்குப் பதிலாக, ‘இது எப்படி இருக்கு?’ என்று அவர் கேட்கட்டும். நீங்கள் அவருடைய கையைப் பிடித்து இடத்தைக் காட்டுங்கள். கதைக்கக் கூச்சமாக இருந்தால் கை போதும்.

சொற்கள் இல்லாததுதான் நமக்குப் பெரிய தடை. வேலையின் தொடக்க வருடங்களில் நான் ‘உச்சகட்டம் அடைகிறீர்களா?’ என்று புத்தகத் தமிழில் கேட்பேன். பெண்கள் நிலத்தைப் பார்ப்பார்கள். அது என் பிழை. பிறகு ‘முடிஞ்சாப் பிறகு உடம்பு எப்படி இருக்கு?’ என்று கேட்கப் பழகினேன். அதற்குத்தான் பதில் வந்தது. ‘நாரி எல்லாம் இளகின மாதிரி’, ‘மயிர் கூச்செறிஞ்சு போச்சு’, ‘ஏதோ வந்து வந்து திரும்பிப் போகுது’ என்று சொன்னார்கள். ஒருவர் ‘கீரிமலைக் கேணியில முழுகி எழும்பின மாதிரி’ என்றார். நான் அறிந்த எந்த வினாக்கொத்திலும் அவ்வளவு துல்லியமான வரி இல்லை. யாழ்ப்பாணத்துத் தமிழில் ஒரு வினாக்கொத்து செய்வதென்றால் இந்தச் சொற்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வீட்டைப் பற்றியும் ஒரு சொல். மகள் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் படுக்கிறாளா? மாமியின் அறைக்கும் உங்கள் அறைக்கும் இடையில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகிறதா? காது மாமியின் இருமலிலும் கண் பிள்ளையின் புரளலிலும் இருக்கும்போது உடம்பு இளகாது. நம் வீடுகளில் பாதிப்பேருக்கு இதுதான் காரணம் என்பது என் அனுபவம். மகளுக்கு நான்கு வயது, பாட்டியோடு படுக்கப் பழக்கலாம். அறைக்குக் கொண்டி போடுங்கள், மின்விசிறியைச் சத்தமாக ஓடவிடுங்கள். சின்ன விசயங்கள்தான், ஆனால் இவைதான் பல வீடுகளில் வித்தியாசம் செய்கின்றன.

மருத்துவக் காரணங்கள் என்று முதலில் சொன்னேன். மனச்சோர்வுக்கோ பதகளிப்புக்கோ குளிசை எடுக்கிறீர்களா? புளுஒக்செற்றின், சேர்ட்ரலின் போன்றவை உச்சத்தைத் தாமதமாக்கும், சிலருக்கு நிறுத்தியும் விடும். நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம், தந்த வைத்தியரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். தைரொய்ட், சலரோகம் இரண்டுக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உறவின்போது நோ இருக்கிறதா, வறட்சி இருக்கிறதா? இதை நீங்கள் எழுதவில்லை. நோ இருந்தால் மேலே சொன்ன எதையும் தொடங்குவதற்கு முன் ஒரு மகப்பேற்று நிபுணரைப் பாருங்கள், நோவைச் சகித்துக்கொண்டு செய்யும் உறவு உடம்பை இன்னும் இறுக்கத்தான் செய்யும். நம் ஊர் கிளினிக்கில் தெரிந்தவர்கள் இருப்பார்களே என்று பயமாக இருந்தால், வேறு பகுதியில் ஒரு வைத்தியரிடம் போகலாம். அதில் வெட்கமில்லை. நீங்கள் சொல்வதை வெளியே சொல்ல எந்த வைத்தியருக்கும் அனுமதியில்லை. மூன்று நான்கு மாதத்தில் மாற்றம் இல்லையென்றால் இரண்டு பேருமாக வாருங்கள். தனியாக வருபவர்களைவிடச் சேர்ந்து வருபவர்களுக்குக் கெதியாகச் சரிவருகிறது.

கொப்பியை எரிக்க வேண்டாம். அந்த ஒற்றையை மட்டும் கிழித்து எடுங்கள், மிச்சக் கொப்பி பிள்ளைக்குப் பயன்படட்டும். கதைக்கும் அந்தப் பின்னேரத்தில் ஒற்றையை அவர் முன்னால் வைத்து, அடியில் உள்ள இரண்டு கூட்டுத்தொகைகளையும் வெட்டிவிடுங்கள். பிறகு நீங்கள் 5 போட்ட அந்த நான்கு வரிகளையும் அவரை வாசிக்கச் சொல்லுங்கள்.